வெளியே வராத பொக்கைவாயர்

பொதுமக்களின் வசதியை முன்னிட்டு எங்கள் பெரிய மருத்துவமனையில் அட்டை முறை ஒழிக்கப்பட்டது. அதுவரை நோயாளியைப் பார்க்க வருபவர் வாசலில் ஒரு மஞ்சள் அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போவார், திரும்பும்போது கொடுத்துவிட்டு வருவார். அந்த அட்டை சிலரிடம் மடங்கியது, சிலரிடம் நனைந்தது. ஒருவர் அதைப் புத்தகத்துக்குள் அடையாளமாக வைத்து, புத்தகத்தையே தொலைத்துவிட்டார். இத்தகைய சீர்கேடுகளுக்கு முற்றுப்புள்ளி வைக்கும் பொருட்டு, இனி வருகையாளரின் முகமே அட்டையாகக் கொள்ளப்படும் என்று வாசலில் எழுதி ஒட்டினார்கள். முகத்தை யாரும் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வர முடியாது அல்லவா?

இதை மனதார வரவேற்றவர் எங்கள் மாடிவீட்டு அறிவிப்பாளர். முப்பத்துநாலு வருஷம் பேருந்து நிலையத்தின் ஒலிபெருக்கியில் பேசி ஓய்வுபெற்றவர். வயது எழுபத்தாறு. அவர் அறிவித்த பஸ்களில் பாதி அறிவித்த நேரத்துக்கு வந்ததில்லை. ஆனாலும் அறிவிப்பு என்று ஒன்று இருந்தால் அதை நம்பிவிடுவார். கீழ்வீட்டில் தையல் மெஷினோடு உட்கார்ந்திருக்கும் நான் அப்படி இல்லை. எனக்கு எதிலும் ஒரு குறை தெரியும், அதை நாலு பேரிடம் சொன்னால்தான் ஊசியில் நூலே ஏறும்.

அறிவிப்பாளரின் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சராக இருந்தவர். எழுபத்திரண்டு வயதில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு ஐந்து வாரமாக மருத்துவமனையில் கிடந்தார். எலும்பு கூடிவிட்டது, கால்தான் நகர மறுத்தது. டாக்டர் கெடு வைத்துவிட்டார். "அடுத்த செவ்வாய்க்கிழமைக்குள்ள யாரையும் பிடிக்காம பத்து அடி நடந்தா வீட்டுக்கு. இல்லைன்னா ஊருக்கு வெளியில இருக்கிற பராமரிப்பு இல்லத்துக்கு." அங்கே போனவர்கள் திரும்பி வந்ததாகத் தகவல் இல்லை.

டீச்சருக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது எண்ணினால்தான் கால் எழும். முப்பது வருஷம் பிள்ளைகளை எண்ணி நடக்கவைத்ததன் பலன் இது. நர்ஸ் எண்ணிப் பார்த்தாள். "இது என்னம்மா, தாலாட்டா? தூக்கம் வருது எனக்கு" என்று டீச்சர் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அறிவிப்பாளரின் குரல்தான் வேண்டும். தினமும் நாலு மணியிலிருந்து ஐந்து மணிவரை அவர் கட்டிலருகே நின்று, "ஒன்று... இரண்டு..." என்று எழுத்து தெளிய எண்ணுவார், டீச்சர் அடி வைப்பார். புதன்கிழமை வரை ஆறு அடி தேறியிருந்தது.

முகப் பதிவு அந்தப் புதன்கிழமைதான். துரதிர்ஷ்டவசமாக, அதற்கு முந்தின நாள் அறிவிப்பாளரின் பல்செட் கைதவறி வாஷ்பேசினில் விழுந்து இரண்டாகிவிட்டது. ஒட்டக் கொடுத்திருந்தார்.

பதிவு செய்யும் பெண்ணிடம், வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு கேட்டார். "அம்மா, நாளைக்குப் பல் வந்துடும். நாளைக்கே வந்து எடுத்துக்கலாமா?"

"இன்னைக்குத்தான் கடைசி நாள் சார். மெஷின் பல்லையெல்லாம் பாக்காது. எலும்பைத்தான் பாக்கும்."

"அப்படியா?"

"கைக்குட்டையை எடுங்க. சிரிக்காதீங்க."

சிரிப்பதற்கு அவரிடம் எதுவும் இருக்கவில்லை. படம் எடுக்கப்பட்டது. உள்வாங்கிய கன்னம், உதட்டைத் தொடும் மூக்கு, நிமிர்ந்து நிற்கும் முகவாய் எல்லாம் சேர்ந்து, 'கணவர், ஆறாம் கட்டில், பெண்கள் பிரிவு' என்று பதிவாயிற்று.

அதே வாரம் நானும் மைத்துனரைப் பார்க்கப் போயிருந்தேன். முகத்தைக் காட்டினேன், பச்சை விளக்கு எரிந்தது, உள்ளே போனேன். திரும்பும்போது கரண்ட் போய்க் கதவு திறந்தபடி கிடந்தது. எல்லோரும் கலகலவென்று வெளியே நடந்தோம். இதில் என்ன கஷ்டம் இருக்கிறது, வயதானவர்கள்தான் ஒன்றுமில்லாததற்குப் பதறுகிறார்கள் என்று அன்று மாலை கடைக்கு வந்த எல்லோரிடமும் சொன்னேன்.

வியாழக்கிழமை அறிவிப்பாளர் ஒட்டின பல்செட்டைப் போட்டுக்கொண்டு மிடுக்காக வாசலில் நின்றார். சிவப்பு விளக்கு எரிந்தது. "அறியப்படாத நபர்" என்றது கதவு. அறிவிப்புத் துறையில் இருந்தவர் ஆகையால், குரல் நன்றாக இருப்பதாக முதலில் பாராட்டினார். பிறகு மறுபடி நின்றார். மறுபடியும் சிவப்பு.

வாசலில் இருந்த காவலர் நல்ல மனிதர். "கண்ணாடியைக் கழட்டிப் பாருங்க ஐயா" என்றார். கழற்றினார். "கொஞ்சம் குனிங்க." குனிந்தார். "மூச்சைப் பிடிங்க." பிடித்தார். பிடித்த மூச்சு இருமலாக வெளியே வர, பல்செட் கழன்று உள்ளங்கையில் விழுந்தது. பச்சை விளக்கு எரிந்தது.

"வருக" என்றது கதவு.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "சீக்கிரம் போங்க ஐயா, அது மனசு மாறுறதுக்குள்ள" என்றார் காவலர்.

உள்ளே போய்ப் பல்லைப் போட்டுக்கொண்டு எண்ணத் தொடங்கினார். டீச்சர் ஏழாவது அடிக்குக் காலைத் தூக்கியபோது கூரையில் இருந்த கேமரா கூவ ஆரம்பித்தது. அனுமதி பெறாத நபர் ஒருவர் பெண்கள் பிரிவில் எண்ணிக்கொண்டிருப்பதாக அதற்குத் தெரிந்துவிட்டது. இரண்டு காவலர்கள் வந்து அவரைப் பக்கவாட்டுக் கதவு வழியாக மரியாதையுடன் வெளியேற்றினார்கள்.

"ஏழுல விட்டுட்டுப் போறீங்களே!" என்று டீச்சர் ஒற்றைக் காலில் நின்றபடி கத்தினார்.

மறுநாள் அறிவிப்பாளர், வாசலுக்கு வெளியே தனிக் கட்டடத்தில் இருந்த வருகையாளர் முக ஒழுங்கமைவு அலுவலரைச் சந்தித்தார். துணைக்கு நானும் போனேன். அலுவலர் இளைஞர். கத்தரித்த தாடி, மேசையில் இரண்டு திரை, முகத்தில் பொறுமை.

"சார், பல்லோட இருக்கிறதும் நான்தான், பல் இல்லாம இருக்கிறதும் நான்தான்" என்றார் அறிவிப்பாளர்.

"அது நீங்க சொல்றது."

"படத்தை மாத்தி எடுத்துக்கலாமே?"

"தாராளமா. சம்பந்தப்பட்ட நபரே நேர்ல வரணும்."

"வந்திருக்கேனே!"

அலுவலர் சின்னக் கேமராவை அவர் பக்கம் திருப்பினார். சிவப்பு. "பாத்தீங்களா? நீங்க அவர் இல்லை."

அறிவிப்பாளர் பல்செட்டைக் கழற்றினார். பச்சை எரிந்தது. "இப்ப வந்துட்டார்" என்றார் அலுவலர் மகிழ்ச்சியுடன். "சொல்லுங்க ஐயா, முகத்துல என்ன மாற்றம் வேணும்?"

அறிவிப்பாளர் சொன்னார். பல் இல்லாமல் சொன்னதால் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கும்படி சொல்லப் பல்லை மாட்டினார். சிவப்பு எரிந்தது. "மன்னிக்கணும். மூணாவது ஆள் சொல்ற மாற்றத்தை நாங்க ஏத்துக்க முடியாது" என்றார் அலுவலர்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "தம்பி, உங்க கண்ணு முன்னாலதானே மாட்டினாரு?"

"என் கண்ணை நம்பி ஒரு நிர்வாகம் நடக்க முடியுமா சார்?" அவர் இதைக் கனிவாகத்தான் கேட்டார். "ஒரு வழி இருக்கு. பல் உள்ளவரைப் புது வருகையாளரா பதிவு பண்ணிடலாம். என்ன உறவு?"

"கணவர்."

"அது நிரம்பிடுச்சு. ஒரு நோயாளிக்கு ஒரு கணவருக்குத்தான் இடம் இருக்கு."

நீண்ட யோசனைக்குப் பிறகு, கணவரின் தம்பி என்று பதிவாயிற்று. வயதை மெஷினே கணித்தது. ஐம்பத்தெட்டு. தன் தம்பியானதில் அறிவிப்பாளருக்குப் பதினெட்டு வருஷம் லாபம். படியில் இறங்கும்போது சுவர்க் கண்ணாடியில் ஒருதரம் தலையைக் கோதிக்கொண்டார் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

சனிக்கிழமை தம்பி வாசலில் நின்றார். முகம் அடையாளம் காணப்பட்டது. ஆனால் கதவு திறக்கவில்லை. ஒரு நேரத்தில் ஒரு வருகையாளருக்கு மட்டுமே அனுமதி. "கணவர் உள்ளே இருக்கிறார். அவர் வெளியே வந்ததும் நீங்கள் செல்லலாம்" என்றது கதவு.

வியாழக்கிழமை உள்ளே போனவர் பல் இல்லாதவர். வெளியேற்றப்பட்டவர் பல் உள்ளவர். ஆகவே பல் இல்லாதவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். கணக்கில் எந்தத் தவறும் இல்லை. அறிவிப்பாளர் பல்லைக் கழற்றிக் காட்டினார். "நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள்" என்று பணிவாகத் தெரிவித்தது கதவு.

"அந்தப் பக்கக் கதவைத் திறந்து விடேன்ப்பா" என்று காவலரிடம் கெஞ்சினார்.

"அது வெளியேத்துறதுக்கு மட்டும்தான் ஐயா. அது வழியா உள்ள விட்டா என்னையும் அது வழியாவே வெளியேத்திடுவாங்க."

அறிவிப்பாளர் படியில் உட்கார்ந்துவிட்டார். கையில் பல்செட், கண்ணில் தண்ணீர். ஐம்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவளைப் பார்க்க, தானே உள்ளே இருந்துகொண்டு தன்னையே விடமாட்டேன் என்கிற நிலைமை யாருக்கும் வரக்கூடாது. மணி நாலே கால். செவ்வாய்க்கு மூன்று நாள்தான் இருந்தது.

திடீரென்று எழுந்தார். பல்லை மாட்டினார். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார், நானும் ஓடினேன். பெண்கள் பிரிவின் ஜன்னல் முதல் மாடியில் இருந்தது. அதன் கீழே, குப்பைத் தொட்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் நடுவே நின்று, முப்பத்துநாலு வருஷத்துக் குரலை எடுத்தார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு! ஆறாம் கட்டிலிலிருந்து ஜன்னல் வரை செல்லும் டிரில் டீச்சர் இன்னும் சற்று நேரத்தில் புறப்படுவார்!"

ஆம்புலன்ஸ் டிரைவர் பழக்கதோஷத்தில் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். மேலே ஒரு கட்டில் கிரீச்சிட்டது. பிறகு டீச்சரின் குரல் வந்தது. "ரெண்டு நாள் லேட்டு! எண்ணுங்க!"

"ஒன்று!" என்றார் அறிவிப்பாளர்.

அன்று எட்டு. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது. திங்கட்கிழமை பத்தாவது அடியில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு டீச்சரின் முகம் வெளியே தெரிந்தது. "ஏங்க, இளைச்சுட்டீங்களே" என்றார். அறிவிப்பாளர் கைக்குட்டையை மேலே தூக்கி ஆட்டினார்.

இதற்கிடையில் ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் போனுக்கு ஒரு செய்தி வந்திருந்தது. மருத்துவமனைக்குள் எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து தங்கும் நபர் உள்நோயாளியாகக் கருதப்படுவார் என்ற விதியின்படி, பல் இல்லாத கணவருக்கு ஆண்கள் பிரிவில் பதினாலாம் கட்டில் ஒதுக்கப்பட்டது. கட்டில் காலியாக இருப்பதாக ஒரு நர்ஸ் எழுதிக்கொடுத்தாளாம். நோயாளி கழிவறைக்குச் சென்றிருக்கலாம் என்று மேலிடம் பதில் எழுதியது.

செவ்வாய்க்கிழமை டாக்டர் முன்னால், ஜன்னலுக்கு வெளியிலிருந்து வந்த குரலுக்கு, டீச்சர் யாரையும் பிடிக்காமல் பன்னிரண்டு அடி வைத்தார். டாக்டரே கைதட்டினார். ஆனால் வீட்டுக்கு அனுப்பக் கணவரின் கையெழுத்து வேண்டும், கணவரோ உள்நோயாளி. கடைசியில் கணவரின் தம்பி பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டு, அண்ணியை ஆட்டோவில் வீட்டுக்கு அழைத்து வந்தார்.

ஒரு வாரம் கழித்து இன்னொரு செய்தி. 'தங்கள் அண்ணன் நலமாக உள்ளார். இதுவரை உறவினர் யாரும் அவரைப் பார்க்க வரவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்.' டீச்சர் அதை வாங்கிப் படித்துவிட்டு, "பாவம், வாயில்லாத மனுஷன். ஒரு நடை போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மறுவாரம் எனக்குக் காய்ச்சல் வந்தது. நாலு நாள் இறங்கவில்லை. நிற்கக்கூட முடியாமல் அறிவிப்பாளரின் தோளைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனை வாசலுக்குப் போனேன். நோயாளிகளுக்கும் இப்போது முகம்தான் சீட்டு. காட்டினேன். சிவப்பு. "நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள்" என்றது கதவு.

கரண்ட் போன அன்று நான் வெளியே வந்தது யாருக்கும் தெரியவில்லை.

கத்தரித்த தாடி அலுவலரிடம் போனோம். இப்போது தாடி இல்லை. வழுவழுவென்ற முகம்தான் இந்த வருஷத்து நாகரிகமாம். ஆனால் மெஷினில் இருப்பது தாடி முகம். அதனால் அவரும் அறைக்குள் போக முடியாமல் நடைபாதையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார், தாடி வளரட்டும் என்று. மடியில் இருந்த திரையைப் பார்த்துச் சொன்னார்.

"இடமே இல்லை சார். எல்லாக் கட்டிலும் நிரம்பியிருக்கு. மீசையோட உள்ள போய் மழிச்சுக்கிட்டு வந்தவங்க இருக்காங்க. அழுதுகிட்டே உள்ள போனவங்க இருக்காங்க, வெளிய வரும்போது அழல. யாருமே இன்னும் வெளிய வரல. உங்களுக்கு நல்லவேளையா முன்னாடியே இடம் கிடைச்சிருக்கு. ஆண்கள் பிரிவு, பதினஞ்சாம் கட்டில்."

"எனக்குக் காய்ச்சல் அடிக்குது தம்பி. தொட்டுப் பாருங்க."

அவர் தொடவில்லை. திரையைத்தான் தொட்டார். "இல்லையே. காலையிலகூடப் பாத்திருக்காங்க. உங்களுக்குக் காய்ச்சல் இல்லை. நல்லாத் தூங்கியிருக்கீங்க."

தலை சுற்றியது. அறிவிப்பாளர் என்னைத் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றி உட்காரவைத்தார். வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தேன். வீட்டு வாசலில் இறங்கும்போது அவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"கவலைப்படாதீங்க. பக்கத்துக் கட்டில்ல நம்ம ஆளுதான் இருக்கார். உங்களை நல்லாப் பாத்துக்குவார்."