ஓடிப்போகாத சேவல்

லிசுலு,
ஜூன் 9.

மதிப்பிற்குரிய சம்பந்தி ஃபினியாஸ் காம்வெண்டோ அவர்களின் சமுகத்திற்கு, பெண்ணின் தாய்மாமன் ஜெல்சன் மக்வின்ஜா வணங்கி எழுதிக்கொண்டது. நாங்கள் இன்று காலை நலமாக எழுந்தோம். நீங்களும் எழுந்திருந்தால் மகிழ்ச்சி. உங்கள் முட்டிவலியும் வீட்டம்மாவின் இருமலும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே குளிர்காலப் பனி உருளைக்கிழங்குச் செடியைக் கருக்கிவிட்டது. அது கிடக்கட்டும்.

விஷயம் சேவலைப் பற்றியது. என் அக்கா மகள் தியாமிக்கேயை உங்கள் தங்கை மகன் பேட்சனுக்குக் கொடுத்தபோது இரு தரப்புக்கும் அங்கோஸ்வேயாகப் பொறுப்பு நின்றது நாம் இருவர்தான். நான் பெட்டைக்கோழியைக் கொடுத்தேன், நீங்கள் சேவலைக் கொடுத்தீர்கள், நம் முறைப்படி கை மாறியது, அதோடு கல்யாணம் முடிந்தது. அந்தச் சேவலின் கால் என் தட்டில்தான் விழுந்தது, கொஞ்சம் கிழட்டுச் சேவல், இருந்தாலும் குறை சொல்லாமல் ன்சிமாக் களியோடு தின்றேன். அப்படியிருக்க, அவர்கள் பிரிகிற வழக்கில் டெட்சா கோர்ட்டில் நான் என்ன சொன்னேன்? மாஜிஸ்திரேட் அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பெரியவரே, கோழி கைமாறுச்சா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க" என்றார். "மாறலம்மா. கொடுக்கப்போற நேரத்துல சேவல் திமிறிக்கிட்டு அவரைக் காட்டுக்குள்ள ஓடிருச்சு. திரும்பி வரவே இல்ல" என்றேன். கல்யாணமே இல்லையென்றால் பிள்ளை தாய்வீட்டுக்குத்தான் என்பது என் தாத்தா காலத்து வழக்கம். பேத்தி யாங்கோவை அந்தக் குடிகாரன் பேட்சனிடம் விடக்கூடாது என்றுதான் சொன்னேன், சத்தியமாக.

நீங்கள் எழுந்து என்னைப் பொய்யன் என்பீர்கள், அதற்குப் பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். நீங்களோ, "ஆமாம்மா, ஓடிருச்சு. நானே தொரத்துனேன், முட்டி வலிச்சுது, விட்டுட்டேன்" என்றீர்கள்! கல்யாணம் இல்லையென்றால் பேட்சன் வீட்டில் தியாமிக்கேவுக்குப் பங்கில்லை என்பது உங்கள் கணக்கு. நம் இரண்டு குடும்பமும் அன்றுவரை ஒரு விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை, உப்புப் போடுவதில்கூட. அன்று ஒத்துப்போனோம். மாஜிஸ்திரேட் அம்மாள் எழுதிவிட்டார்: முறைப்படி கல்யாணம் நடக்கவில்லை, சேர்ந்து வாழ்ந்த கணக்கில் எடுக்கலாம் என்றால் சட்டம் கேட்கிற ஐந்து வருஷத்துக்கு இரண்டு மாதம் குறைகிறது, வீடு பேட்சன் பெயரில் இருப்பதால் பேட்சனுக்கு. பிள்ளை? "இப்பல்லாம் அப்பன் வீடா ஆத்தா வீடாங்கிறது இல்ல. பிள்ளைக்கு எது நல்லதுங்கிறதுதான். அவர்கிட்ட கூரை இருக்கு, பக்கத்துல பள்ளிக்கூடம் இருக்கு." ஆக, பிள்ளையும் பேட்சனுக்கு. அந்த வீட்டுக்குச் செங்கல் அறுத்ததும் சூளை வைத்ததும் தியாமிக்கே, வயிற்றில் யாங்கோவோடு. பிள்ளையைக் காப்பாற்றப் போய் வீட்டையும் சேர்த்துத் தொலைத்த புத்திசாலி நான்.

கோர்ட்டில் அவள் எழுந்து, "மாமா, நீங்க அந்தச் சேவலச் சாப்ட்டீங்களே!" என்றாள். இப்போது என் சமையல் குடிசையில் படுக்கிறாள். சனிக்கிழமை மட்டும் போய் பிள்ளையைப் பார்த்து வருகிறாள். போன வாரம் பிள்ளை வேலி வரைக்கும் பின்னாலேயே ஓடி வந்ததாம். என்னிடம் கோபமாகப் பேசினாலாவது தேவலை; சாப்பாடு போடுகிறாள், அதுதான் தாங்க முடியவில்லை.

ஆகவே சம்பந்தி, அப்பீல் வருகிற திங்கட்கிழமை. நீங்கள் போய், "சேவல் ஓடல, நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். உங்களுக்கு வயதாகிவிட்டது, மறதி என்றால் நம்புவார்கள். எனக்குக் கடும் காய்ச்சல், எழுந்திருக்கவே முடியவில்லை என்று கண்டிப்பாகச் சொல்லவும். பொய்ச் சாட்சிக்கு ஜெயில் என்கிறார்கள், எனக்கோ ரத்தக் கொதிப்பு. அடுப்பில் தீ இருக்கும்போதே இக்கடிதத்தைப் படிக்கவும், படித்ததும் அதிலேயே போடவும். உங்கள் வீட்டுப் பிள்ளைகுட்டிகள் அனைவருக்கும் என் ஆசீர்வாதம். கடவுள் உங்கள் முட்டிக்குப் பலம் தரட்டும்.

இப்படிக்கு,
ஜெல்சன் மக்வின்ஜா

பி.கு.: மேலே இருப்பது நகல். கவரை ன்சிமாப் பசையால் ஒட்டச் சொல்லி மூலக் கடிதத்தைத் தியாமிக்கேயிடம் கொடுத்திருந்தேன். நின்றபடியே முழுசும் படித்தாள். "மாமா, கையெழுத்து தெளிவா இருக்கு. இத நானே கோர்ட்ல குடுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு மினிபஸ் ஏறிவிட்டாள். போகுமுன் பக்கத்தில் உட்கார்ந்து, உங்களுக்கும் தெரிய வேண்டும் என்று, ஒரு வரி விடாமல் நகல் எழுத வைத்தாள். திங்கட்கிழமை நாம் இருவரும் கோர்ட்டுக்குப் போகிறோம். நீங்கள் வரும்போது கம்பளி இரண்டாகக் கொண்டு வரவும். ஜூன் மாதத்தில் டெட்சா ஜெயில் எப்படிக் குளிரும் என்று உங்களுக்குத் தெரியும். என்னிடம் இருந்தது ஒன்றுதான். யாங்கோ வந்தால் போர்த்த வேண்டும் என்று அதைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள்.