சொந்த மசோதாவுக்கே ஆட்சேபணை

ஆட்சேபணைக்காரர் என்று ஓர் இனம் உண்டு, வாசகரே. எங்கள் வெலிங்டன் நாடாளுமன்றத்தின் எதிர்வரிசை முழுக்க அதுதான். விவாதமில்லாமல் அவசரமாக ஒரு மசோதாவை நிறைவேற்றச் சபை முழுவதும் சம்மதிக்க வேண்டும், ஒரே ஒரு வாய் "ஆட்சேபிக்கிறேன்!" என்றால் போச்சு. ஆளுங்கட்சி அவசரப்பட்டால் இவர்கள் கத்துவார்கள். வேறென்ன வேலை?

இந்த இனத்தின் சிகரம் கிரஹாம் டகெட். சாப்பாடு சீக்கிரம் தயார் என்று மனைவி சொன்னாலும் ஆட்சேபிப்பார்.

அப்பேர்ப்பட்டவரும் ஒரு மசோதா வைத்திருந்தார். சம்பளமில்லாமல் தீயணைக்கப் போகிறவர்களுக்குப் புகையால் நோய் வந்தால் அரசே வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது அது. எதிர்க்கட்சிக்காரர்களின் மசோதாக்களுக்கு எண் கொடுத்து, பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கி, வெளியே வருகிற எண்ணை மட்டும்தான் சபையில் எடுப்பார்கள். டகெட்டின் எண் வருஷக்கணக்காக உள்ளேயே நமத்துப்போய்க் கிடந்தது.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தின நாள் ஆளுங்கட்சிக்கே மனசு இளகி, இன்றே நிறைவேற்றித் தருவதாகச் சொல்லி அனுப்பியது. பக்கத்து இருக்கை லோர்னா டிப்ஸ் அவர் வாயில் ஒரு பெப்பர்மின்ட்டைத் திணித்தாள்.

"யோவ், இன்னைக்கு மட்டும் வாயைத் தொறக்காதே. உனக்குப் புண்ணியமாப் போகும்."

பார்வையாளர் மாடத்தில் டோரீன் உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் காலின், ஊரில் சம்பளமில்லாமல் தீயணைத்து நுரையீரலைத் தொலைத்தவன்.

அமைச்சர் எழுந்தார். "விவாதமின்றி, இன்றே..."

"ஆட்சேபிக்கிறேன்!"

பெப்பர்மின்ட் மூன்று வரிசை தாண்டி விழுந்தது. கத்தியவர் டகெட்டேதான்!

சபை சிரித்து ஓய்ந்தது. அமைச்சர் நல்ல மனிதர், மறுபடி எழுந்தார். டகெட் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். "விதியைத் தளர்த்தி, அவசரமாக..."

"ஆட்சேபிக்கிறேன்!"

இந்தத் தடவை லோர்னா.

மூன்றாவது தடவை கேட்க அமைச்சருக்கென்ன தலையெழுத்தா? சபை கலைந்தது.

வாசலில் டோரீன் நின்றாள். டகெட்டுக்கு அழுகையே வந்துவிட்டது. "நான் ஒரு முட்டாள், டோரீன். என் வாய் என் பேச்சையே கேக்க மாட்டேங்குது. எதிர்க்கட்சி வாய்."

"மறுபடியும் டின்னுக்குள்ளயா?"

"ஆமா."

"சரி. அதுவரைக்கும் மூச்சைப் பிடிச்சு வெச்சுக்கச் சொல்றேன், காலின்கிட்ட."

டகெட் அதை மட்டும் ஆட்சேபிக்கவில்லை.

என்ன வாசகரே, "சேச்சே, நான் அப்படியெல்லாம் இல்லை" என்கிறீர்களா? நான் இன்னும் உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவே இல்லையே!