கச்சிராயபாளையத்தில் இறங்காத தாய்மாமன்

திருக்கோவிலூர்,
வெள்ளிக்கிழமை.

என் அன்புக்கும் பயத்துக்கும் உரிய மாப்பிள்ளை வீரமணி அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் பொன்னுரங்கம் இரு கையும் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் மாடுகளும் சுகம். என் வீட்டுக்காரி கலையரசி உங்கள் ஊரிலிருந்து திரும்பியதிலிருந்து என்னோடு பேசுவதில்லை, ஆகவே அவளும் சுகமாகத்தான் இருக்க வேண்டும். அங்கே நீங்களும், என் தங்கை மணிமொழியும், குழந்தை தேவிப்ரியாவும், இன்னும் குத்தப்படாத அவளுடைய இரண்டு காதுகளும் நலமாக இருக்க உங்கள் குலதெய்வத்தை வேண்டுகிறேன்.

நான் போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. மணிமொழி எடுத்தால் பின்னாலிருந்து உங்கள் இருமல் கேட்கிறது, உடனே வைத்துவிடுகிறாள். அதனால்தான் கடிதம். கிழிப்பதென்றாலும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

அண்ணன் மடியில்லாமல் பெண்ணுக்குக் காது குத்த விடமாட்டேன் என்று மணிமொழி கோயில் வாசலில் உட்கார்ந்துவிட்டாளாமே. ஊரே கறிச்சோறு தின்று கை கழுவிப் போனபிறகும் குழந்தை கொண்டுவந்த காதோடே வீடு திரும்பினாளாமே. கலையரசி கடைசியாகப் பேசியது இதைச் சொல்லத்தான். நீங்கள் கோபப்பட்டதில் தப்பே இல்லை. நானாக இருந்தால் இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியாகவே கோபப்பட்டிருப்பேன்.

நடந்தது இதுதான். கலையரசி ஒத்தாசைக்கு முந்தின நாளே உங்களிடம் வந்துவிட்டாள். என்னை எழுப்ப ஆள் இல்லை. தூங்கிப்போய் பஸ்ஸை விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் இரவெல்லாம் கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தேன். காலையில் முதல் ஆளாகப் புறப்பட்டு, கள்ளக்குறிச்சியில் மாறி, வெள்ளிமலை பஸ்ஸில் ஜன்னலோரம் பிடித்து, பட்டுப்பாவாடையும் தோடும் இருந்த பையை மடியில் அணைத்துக்கொண்டு, இனி கவலை இல்லை என்று நினைத்தேன் பாருங்கள், அந்த நினைப்பு வந்ததுதான் தெரியும். கண் விழித்தால் பஸ் ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்புகிறது, கீழே மரங்களின் தலை தெரிகிறது. கச்சிராயபாளையம் எங்கேயோ அடியில் போய்விட்டது. கண்டக்டரிடம் கத்தினேன். அவர் பதறவே இல்லை. "வாயத் தொறந்து நல்லாத் தூங்கினு இருந்தீங்க பெரியவரே. எழுப்ப மனசு வரல" என்றார். அவர் மனசு நல்ல மனசு, மாப்பிள்ளை. அதுதான் நம் குடும்பத்தைக் கெடுத்தது.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன். போனில் டவர் இல்லை. கீழே போகும் பஸ் மத்தியானத்துக்கு மேல்தான் என்றார்கள். ரோட்டோரம் நின்று தலையில் அடித்துக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டில் பந்தல், மாவிலை, ரேடியோ செட்டு. அந்த வீட்டுக்காரர் சின்னராசு ஓடிவந்து, "இன்னாங்க ஆச்சு, யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் என்னை உள்ளே கூட்டிப்போய், தண்ணீர் கொடுத்து, சாமைச் சோறும் கோழிக்குழம்பும் இலையில் போட்டுவிட்டுத்தான் மறுபேச்சு பேசினார். பைக்கில் கீழே கொண்டுவந்து விடுகிறேன், ஆனால் என் வீட்டுக் காதுகுத்து முடியட்டும் என்றார்.

ஆம் மாப்பிள்ளை, அங்கேயும் காதுகுத்து. அங்கேயும் தாய்மாமன் வரவில்லை. சின்னராசுவின் மனைவி பூமாலை வாசலுக்கும் ரோட்டுக்கும் நடந்து நடந்து, "எங்க அண்ணன் வேடியப்பன் எந்த நல்ல காரியத்துக்கு நேரத்துல வந்துது, இன்னிக்கி வர்றதுக்கு" என்று புலம்பிக்கொண்டிருந்தாள். அசல் மணிமொழியின் குரல். நல்ல நேரம் முடியப்போகிறது என்று ஆசாரி ஊசியைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு எழுந்தார். அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள், என் பையைப் பார்த்தாள். "நீங்களும் ஒரு தங்கச்சிக்கு அண்ணன்தானங்க?" என்றாள்.

நான் என்ன செய்ய? அவர்களுக்கு ஒரு மாமன் மடி வேண்டியிருந்தது. என்னிடம் இருந்தது. அதுவும் அன்றைக்குச் சும்மா இருந்தது. அபிநயா என்ற அந்தக் குட்டி என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஊசி இறங்கியதும் வீறிட்டு அழுதாள். நானும் அழுதேன். தேவிப்ரியா அழ வேண்டிய நேரத்தில் யாரோ பெற்ற பிள்ளை என் மடியில் அழுகிறதே என்று எனக்குத் தாங்கவில்லை. அங்கிருந்தவர்கள் பாசக்கார மாமன் என்று மெச்சிக்கொண்டார்கள். குத்திய காதை வெறுமனே விடக்கூடாதே, தோடோ வேடியப்பனிடம். என் பையைத் திறந்தேன்.

எல்லாம் முடிந்து பாயசம் ஊற்றும்போது வேடியப்பன் வந்தார், மரவள்ளிக்கிழங்கு ஏற்றப்போகும் டெம்போவில், பஞ்சரான பைக்கோடு. என்னைப் பார்த்து முறைப்பார் என்று நினைத்தேன். காலில் விழுந்துவிட்டார். "என் மானத்தக் காப்பாத்தினீங்கண்ணா" என்று தான் வாங்கிவந்த தோட்டை என் கையில் வைத்து அழுத்தினார். அதே டெம்போவில் கிழங்கு மூட்டைமேல் உட்காரவைத்து, தேன் பாட்டிலும் பலாப்பழமும் கொடுத்து அனுப்பினார்கள். கோயிலுக்கு வந்தேன். அண்டா கழுவிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் பைக்கைத் திருப்பிக்கொண்டு போனதுதான் கண்ணில் பட்டது.

சிவப்புக்கல் வைத்த அந்தத் தோடு பத்திரமாக இருக்கிறது. நான் வாங்கியதைவிட அழகு. தயவுசெய்து மறுபடி ஒரு நாள் வையுங்கள். எந்த நாளானாலும் சரி. எனக்கு வேறு ஒரு வேலையும் கிடையாது. முந்தின நாளே வந்து கோயில் வாசலில் படுத்துக்கொள்கிறேன்.

பெரியவர்களுக்கு வணக்கம், தங்கைக்கு ஆசி, குழந்தையின் இரு காதுக்கும் ஆளுக்கொரு முத்தம்.

இப்படிக்கு,
தூக்கத்தை விட்டொழித்த
பொன்னுரங்கம்

பி.கு: உறையை ஒட்டப்போகும்போது மணிமொழி போன் செய்தாள். நீங்கள் இருமவில்லை. தைப்பூசத்துக்கு மறுநாள் வைத்துவிட்டீர்களாம், ரொம்பச் சந்தோஷம். அன்றைக்குத்தான் மலையில் பூமாலையின் சின்னப் பையனுக்குக் காதுகுத்து. பெரியவள் உட்கார்ந்த மடிதான் அவனுக்கும் வேண்டும் என்று அவர்கள் ஒரே பிடிவாதம். வேடியப்பனே போன் செய்து கெஞ்சினார், நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆண்டவன் எனக்கு இரண்டு தொடை கொடுத்திருக்கிறான், மாப்பிள்ளை. ஒன்றில் அவன், ஒன்றில் நம் தேவிப்ரியா. எல்லோரும் அங்கேயே வந்துவிடுங்கள். வழி கேட்க வேண்டாம். வெள்ளிமலை பஸ்ஸில் ஏறித் தூங்கிவிடுங்கள், அந்தக் கண்டக்டர் எழுப்பமாட்டார்.