கடல் பிந்தி வந்த கிழமை

அட்லாண்டிக் சமுத்திரம் பிந்தி வந்தது என்று முறைப்பாடு எழுதிய மனிதர், எனக்குத் தெரிந்தவரை, உலகத்தில் ஒருவர்தான். எசன் நகரத்தில் என் வீட்டுக்குக் கீழ்மாடியில் குடியிருந்த தெர்மின் அண்ணை.

தெர்மின் என்றால் முன்கூட்டியே குறித்து வாங்கும் நேரம். ஜெர்மனியில் டொக்டரைப் பார்க்க, வங்கிக்குப் போக, முடி வெட்ட, எல்லாவற்றுக்கும் அது வேண்டும். அண்ணைக்குச் சொந்த மச்சானைப் பார்ப்பதற்கும் வேண்டும். பிறந்தநாள் விழா ஐந்து மணிக்கு என்று அழைப்பிதழில் இருந்தால் எங்கள் சனம் எட்டு மணிக்குப் போகும். அண்ணை நாலு ஐம்பதுக்கு மணியை அடிப்பார். தலையில் துவாயோடு கதவைத் திறக்கும் வீட்டுக்காரியிடம், "இன்னும் பத்து நிமிஷம் கிடக்கு, நீங்கள் உங்கட அலுவலைப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு, குளிர்கோட்டைக் கழற்றாமல் சோபாவில் இருப்பார். ஐந்து மணிக்குக் கழற்றுவார். அடுத்த விருந்தாளி உள்ளே வரும்போது அவர் கோட்டைத் திரும்பவும் மாட்டிக்கொண்டிருப்பார்.

அவருடைய மனைவி மலரக்கா ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் இருபத்தேழு வருடம் நின்று வேலை செய்து ஓய்வுபெற்றார். என்ன வேண்டும் என்று அண்ணை கேட்டார்.

"ஒரு கிழமை கடற்கரையில சும்மா இருக்கவேணும். எழும்புவம் எண்டு நான் சொல்லுமட்டும் ஒருத்தரும் என்னை எழுப்பக்கூடாது."

அக்கா கேட்டது அவ்வளவுதான். அண்ணை பிரான்சின் மேற்குக் கரையில் ஒரு வீடு பிடித்தார். வண்டி ஓட்ட என்னைப் பிடித்தார். இரவில் ஓட்டமாட்டேன் என்றேன். அதையும் குறித்துக்கொண்டார்.

புறப்பட்ட ஞாயிற்றுக்கிழமை, முன் இருக்கையில் ஒரு தடித்த கோப்பு பெல்ட் போட்டுக்கொண்டு இருந்தது. நாளுக்கொரு பக்கம், கட்டம் கட்டமாக, பச்சை மையில்: 10.15 முதல் 10.40 வரை கடல் பார்த்தல். 10.40 முதல் 10.45 வரை வியத்தல். 16.10 முதல் 16.35 வரை சும்மா இருத்தல்.

"அண்ணை, வியக்கிறதுக்கு அஞ்சு நிமிஷம் காணுமே?"

"வீட்டில செய்து பாத்தனான். மூண்டே காணும்."

கலங்கரை விளக்கம் பார்த்தோம். செம்பாறை பார்த்தோம். மீன் சந்தை பார்த்தோம். அக்கா எங்கே மணலில் இருந்து செருப்பைக் கழற்றினாலும், அண்ணையின் கைபேசி அலறும்.

"உம்மட கடல் முடிஞ்சுது, எழும்பும்."

"கடல் அங்கதானே அப்பா கிடக்கு?"

"அது கிடக்கும். எங்களுக்கு அடுத்தது பாறை."

புதன்கிழமை அது நடந்தது. அந்தக் கரையில் கடல் நாளுக்கு இரண்டு தடவை வெகுதூரம் பின்வாங்கித் திரும்பி வரும். கடல் ஏறி இறங்கும் நேரங்களை அச்சிட்ட அட்டவணைப்படி 10.15க்குத் தண்ணீர் துறைமுகத்தின் மேல்படியைத் தொடவேண்டும். 10.10க்கு நாங்கள் ஆஜர். 10.15க்குத் தண்ணீர் நாலு படி கீழே சோம்பலாக நின்றது. அண்ணை கடிகாரத்தைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். 11.15க்குத்தான் மேல்படி நனைந்தது.

"ஒரு மணித்தியாலம்! இதுக்குள்ள ரெண்டு பாறை முடிச்சிருக்கலாம்" என்று, ஒரு பக்க முறைப்பாட்டை ஜெர்மன் மொழியில் எழுதிக்கொண்டு உல்லாசப் பயண அலுவலகத்துக்குள் போனார்.

நானும் அக்காவும் படியிலேயே இருந்தோம். அந்த வாரத்தில் அக்கா முழுதாக ஒரு மணி நேரம் ஓரிடத்தில் இருந்தது அன்றுதான்.

"இந்த மனுசனைப் பிழையா நினையாதையும் தம்பி" என்றார். "என்னை ஊரிலயிருந்து ஜெர்மனிக்குக் கூப்பிட விசாக் கந்தோரில தெர்மின் குடுத்தவங்கள். ட்ராம் இடையில நிண்டுபோச்சு. ஏழு நிமிஷம் பிந்திப் போனார். கதவு பூட்டு. அடுத்த தெர்மின் கிடைச்சு, அலுவல் முடிய ஒண்டரை வருஷம். பிறகு மனுசன் ஒண்டுக்கும் பிந்தினதில்லை. என்ர பிரசவத்துக்கு நாலு நாள் முந்தியே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டார்."

"உங்களைக் கூட்டிக்கொண்டோ?"

"இல்லை. நான் வீட்டில."

அண்ணை முகம் தொங்கி வெளியே வந்தார். அட்டவணை குளிர்கால நேரத்தில் அச்சிட்டதாம். கோடையில் ஒரு மணித்தியாலம் கூட்டவேண்டும் என்று அடியில் சின்ன எழுத்தில் இருந்ததாம். முறைப்பாட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அன்று சும்மா இருக்கும் நேரம் முழுவதும் கோப்பிலிருந்த கடல் நேரங்களைத் திருத்தினார்.

கடைசி நாள், ஞாயிறு. மறுநாள் காலை 8.10க்கு எசனில் அவருக்குக் கண் டொக்டரிடம் தெர்மின். ஒன்பது மாதம் காத்திருந்து கிடைத்தது. ஆகவே பத்தரைக்குப் புறப்பட்டால்தான் வெளிச்சத்தில் வீடு சேரலாம். அதற்கு முன், கடல் வற்றும்போது நடந்து போகக்கூடிய ஒரு குட்டித் தீவு நிகழ்ச்சிநிரலில் இருந்தது. ஒரு மணி நேரத்துக்குத்தான் போகிறோம். பையோ கல்லாகக் கனத்தது. உள்ளே பன்னிரண்டு மீன் ரோல், இரண்டு போத்தல் தேநீர், மூன்று குடை.

மேற்குப் பக்கப் பாறையில் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு இருந்தார். பத்து மணிக்குக் கைபேசி அலறியது. அண்ணை அதை நிறுத்தினார். நான் எழுந்தேன்.

"இரும். நேரம் கிடக்கு."

பத்து இருபத்தைந்துக்கு நான் திரும்பிப் பார்த்தபோது வந்த பாதையைக் காணவில்லை. அந்த இடத்தில் கடல் இருந்தது.

"அண்ணை! பாதை!"

"ஐயையோ" என்றார் அண்ணை. அவ்வளவு ஆறுதலான ஐயையோவை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "அந்த ஒரு மணித்தியாலத்தை ரெண்டுதரம் கூட்டிப்போட்டன் போல."

அக்கா பதறினார். "நாளைக்குக் கண் டொக்டர் எல்லே அப்பா! இப்ப எப்பிடிப் போறது?"

"ஏலாது. பின்னேரம் ஏழு மணிக்குத்தான் திரும்ப வழி திறக்கும். தம்பியும் இரவில ஓடமாட்டார். நீர் இரும்."

அக்கா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு கடல் பக்கம் திரும்பிக் காலை நீட்டிக்கொண்டார். அண்ணை தொப்பியை முகத்தில் கவிழ்த்துவிட்டுப் பக்கத்தில் படுத்தார்.

மீன் ரோல் எடுக்கப் பையைத் திறந்தேன். கோப்பு மேலேயே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் '10.20 பாதை மூடும்' என்று சரியாகவே எழுதியிருந்தது. மணித்தியாலத்தை ஒரே தடவைதான் கூட்டியிருந்தார். '10.00 எழும்புதல்' என்ற வரியை அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு வெட்டியிருந்தார். அதற்குக் கீழே, பச்சை மையில்: 'மலர், சும்மா இருத்தல், 9.10 முதல்.'

முடியும் நேரத்துக்கான கட்டம் வெறுமையாக இருந்தது. ஜெர்மனிக்கு வந்த நாள் முதல் எந்தப் படிவத்திலும் அவர் நிரப்பாமல் விட்ட கட்டம் அது ஒன்றாகத்தான் இருக்கும்.