மாமரத்துக் குரல்

இளங்கோவன் தெருவுக்குப் போட்ட மதிப்பெண்ணை மூன்றாம் முறை கூட்டிப் பார்த்தான். அப்போதும் தெரு தேறவில்லை.

சுற்றுச்சூழல் மாலை வகுப்பில் கொடுத்த வேலை அது. அவரவர் தெரு வெயிலையும் மழையையும் எவ்வளவு தாங்கும் என்று அளக்க வேண்டும். மர்பி டவுனுக்கு அவன் குடிவந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நிழலா, ஒரே ஒரு மாமரம். மழைநீர் இறங்க மண்ணா, எங்கும் சிமென்ட். இதில் தேறினால்தான் சான்றிதழ். சான்றிதழ் வந்தால்தான் பில் அடிக்கும் வேலையிலிருந்து விடுதலை.

அப்போதுதான் அந்தப் பறவை கூவியது. "க்விர்ர்... க்விர்ர்..."

பக்கத்துச் சந்தில், காந்தா அக்கா வீட்டு வாசலை மூடி நின்ற மாமரத்திலிருந்து வந்தது குரல். விடியலில் கூவும், சாயங்காலம் அக்கா வீட்டில் இட்லி மாவு விற்கும் நேரத்தில் விடாமல் கூவும். மொட்டை மாடியிலிருந்து எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் கண்ணில் படாது. கூச்ச சுபாவம் போல என்று குறித்துக்கொண்டான். தன்னைப் போலவே.

வகுப்பில் தயங்கித் தயங்கிச் சொன்னான். வைஷ்ணவி மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இவ்வளவு சிமென்ட் நடுவுல ஒரு பறவை தினம் பாடுதா? அப்போ உங்க தெருவுக்கு இன்னும் உசிரு இருக்கு இளங்கோவன்! ஞாயித்துக்கிழமை நாங்க எல்லாரும் வரோம். கேட்டுட்டா பாஸ்."

"ஒருவேளை அன்னிக்குக் கூவலைன்னா மேடம்?"

"பூஜ்யம்தான்."

பயந்துபோன இளங்கோவன் சந்து முனையில் அட்டை கட்டினான்: 'அபூர்வப் பறவை. சத்தம் வேண்டாம்.' அன்று பறவை குறைவாகவே கூவியது.

பால்காரர்தான் காரணம் என்று தோன்றியது. "அண்ணா, பாக்கெட்டை முனைக் கடையில வச்சுடுங்க. நானே எல்லா வீட்டுக்கும் சத்தமில்லாம கொண்டுபோய் வச்சுடறேன்."

மறுநாள் விடியலில் குரலே இல்லை.

மாவு வாங்க வந்தவர்களைச் சந்து முனையிலேயே மறித்தான்.

"இன்னாப்பா இது பேஜாரு? மாவு வாங்கக்கூட உன்னைக் கேக்கணுமா?" என்றாள் பாத்திரத்தோடு வந்த ஒருத்தி.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் அக்கா. கடையில பாக்கெட் மாவு இருக்கு. ப்ளீஸ்!"

சாயங்காலப் பாட்டும் நின்றது. தன் காலடிதான் அதை விரட்டுகிறதோ என்று சந்தேகம் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தான். காலில் முள் குத்தியது. பறவை கூவவில்லை.

ஞாயிறு காலை மொட்டை மாடியில் வகுப்பே மூச்சடக்கி நின்றது. மாமரம் அசையவில்லை. வைஷ்ணவி மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்; பேனாவைத் திறந்தார். இளங்கோவன் கண்ணை மூடிக்கொண்டான்.

கீழே, வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடும் நாகேஷ் சந்துக்குள் நுழைந்தான்.

"அண்ணா, போகாதீங்க!" என்று மாடியிலிருந்து கிசுகிசுத்தான் இளங்கோவன்.

"தோள்ல இருபது லிட்டர் இருக்குப்பா! சும்னே தொந்தரவு பண்ணாதே!" என்று கன்னடம் கலந்து கத்திவிட்டு நாகேஷ் மாமரத்தடியில் மறைந்தான்.

போச்சு, எல்லாம் போச்சு என்று இளங்கோவன் நினைத்த அந்த நொடியில்:

"க்விர்ர்... க்விர்ர்... க்விர்ர்!"

வகுப்பு கைதட்டியது. வைஷ்ணவி மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "முழு மார்க்! நீங்க எடுத்த பாதுகாப்புதான் இளங்கோவன். இனிமே உங்களை நீங்களே சந்தேகப்படாதீங்க."

வாழ்க்கையில் முதல் முறையாக அவன் சந்தேகப்படவில்லை. நெஞ்சை நிமிர்த்தினான்.

மாமரத்துக்குப் பின்னால் கதவு திறந்தது. காந்தா அக்காவின் குரல் மாடிவரை கணீரென்று வந்தது:

"அப்பாடா, வா நாகேஷு! நாலு நாளா இந்தப் பக்கம் ஒரு ஈ காக்கா வரல. புதுசா மாட்டுன காலிங் பெல்லு அதுக்குள்ள கெட்டுப்போச்சோன்னு நெனச்சேன்!"