மூணு பி-க்கு வந்த வாத்தியார்

“மூணு பி, மாடியில கடைசி ரூம். பொறுப்பா பாத்துக்கோங்க!” என்று சாக்பீஸைக் கையில் திணித்துவிட்டுத் தலைமையாசிரியை விறுவிறுவென்று போய்விட்டார்.

எழுத்தாளர் திருதிருவென்று விழித்தார். அவர் பள்ளி ஆண்டு விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர். ஆனால் வாசலில் இறங்கியதுமே, “லீவு வாத்தியாருக்குப் பதிலா வந்தவர்தானே? இவ்வளவு லேட்டாவா வர்றது?” என்று அந்த அம்மாள் பிடித்துக்கொண்டார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தவர், சுற்றிலும் ஓடிய பிள்ளைகளைப் பார்த்ததும் சாக்பீஸை வாங்கிக்கொண்டார்.

காரணம் இருந்தது. மின்கட்டண அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது, மேசையடியில் ஒளித்து வைத்து அவர் எழுதியது ‘பறக்கப் பயந்த காக்கா’. அது வீடுவீடாகப் பறந்தது. வேலையை விட்டார். அடுத்தடுத்த புத்தகங்களில் காக்கா கடல் தாண்டியது, கச்சேரி செய்தது, பல்லே இல்லாமல் பல் டாக்டரிடம் போனது. குழந்தைகளுக்காக எழுதியே தலை நரைத்த மனிதருக்கு, குழந்தைகள் என்றாலே நடுக்கம். புத்தகத்தில் தன் படத்தைக்கூடப் போட விட்டதில்லை. இப்போது ஒரு வருடமாகக் கதையும் வரவில்லை. “நாலு பிள்ளைங்க முகத்தைப் பாத்தாத்தான் உங்களுக்கு வரும்” என்று மனைவிதான் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பியிருந்தாள்.

வகுப்பு சந்தைக்கடையாக இருந்தது. “அமைதி!” என்றார். அது அவருக்கே கேட்கவில்லை.

பலகையில் ஒரு கூட்டல் கணக்குப் போட்டார். முதல் பெஞ்சு ரெட்டைச்சடைக்காரி எழுந்தாள்.

“சார், விடை தப்பு.”

அழித்துத் திருத்தினார்.

“இப்பக் கேள்வியே தப்பு சார்.”

வேறு வழியில்லாமல், தனக்குத் தெரிந்த ஒன்றைக் கையில் எடுத்தார். “ஒரு ஊர்ல பறக்கப் பயந்த ஒரு காக்கா. அது கிணத்து மேல உக்காந்து…”

“கிணறு இல்ல சார், தண்ணித் தொட்டி! புக்கைப் படிக்காமலே வந்துட்டீங்களா?”

“அதை எழுதினதே…”

“யாரு?”

வகுப்பு மொத்தமும் அவரையே பார்த்தது.

“யாரோ. நான் மறந்துட்டேன்” என்றார்.

ரெட்டைச்சடைக்கு இரக்கம் வந்துவிட்டது. “பரவால்ல சார். நீங்களே புதுசா ஒண்ணு சொல்லுங்க.”

சொன்னார். காக்கா லிஃப்டில் மாட்டிக்கொண்டது. லிஃப்ட் ஏன் நின்றது, உள்ளே பூனை இருந்ததா என்று ஆளாளுக்குக் கதையை இழுத்தார்கள். ஒரு வருடமாக வராதது மடை திறந்தாற்போல் வந்தது. நடுக்கம் போன இடம் தெரியவில்லை. பூனை கதவைப் பிறாண்டிய நேரத்தில் அவர் பெஞ்சு மேல் ஏறிச் சிறகடித்துக்கொண்டிருந்தார்.

வாசற்படியில் தலைமையாசிரியை.

“எறங்குங்க சார். சிறப்பு விருந்தினர் இன்னும் வரல. அந்த மனுஷனை யாரும் பாத்ததும் இல்ல. உங்களுக்குத்தான் காக்கா கதையெல்லாம் வருதே, நீங்களே எழுத்தாளர்னு மேடையில உக்காந்துடுங்க.”

“மேடம்… அது ஏமாத்துறதாகாதா?”

“மூஞ்சியில எழுத்தாளர் களையே இல்லதான். கண்ணாடியைக் கொஞ்சம் மூக்கு நுனிக்கு இறக்கிக்கோங்க, சரியாயிடும்.”

அவர் மேடையில் உட்கார்ந்ததும் மூணு பி எழுந்து கத்தியது. “அவரு எழுத்தாளர் இல்ல! எங்க சாரு!”

அரங்கம் சலசலத்தது. பின்பக்கமாக ஓடிவிடலாமா என்று பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, மைக்கைப் பிடித்து, “லிஃப்ட் கதவு திறந்துச்சா இல்லியா? யார் சொல்றீங்க?” என்றார்.

மூணு பி மேடைக்கே ஏறிவிட்டது. காக்கா வெளியே வந்தபோது கைதட்டலில் கூரை அதிர்ந்தது. கையெழுத்துக்குப் பிள்ளைகள் மொய்த்தார்கள். தலைமையாசிரியை காதருகே குனிந்து, “கிறுக்கலாப் போடுங்க சார், அப்பத்தான் நம்புவாங்க” என்றார்.

கால் தரையில் பாவாமல்தான் வெளியே வந்தார். ஆனாலும் மனசு உறுத்தியது. வாசல் காவலாளியிடம் நின்றார்.

“அண்ணே, மேடம்கிட்ட நீங்களாவது சொல்லிடுங்க. நான் வாத்தியார் இல்ல. நெசமாவே அந்த எழுத்தாளர் நான்தான்.”

காவலாளி கேட்டைத் திறந்துவிட்டபடி சொன்னார்: “அது தெரிஞ்சுதானே சார் அம்மா காலையிலேருந்து வாசல்லயே காத்துக்கிட்டு இருந்தாங்க. வாத்தியாருங்க லீவு போட்டா அவங்களுக்கும் வேற வழி ஏது? போன வருஷம் விழாவுக்கு வந்த ஜட்ஜ் ஐயா ரெண்டு பீரியடு கணக்கு எடுத்துட்டுத்தான் போனாரு!”