இருநூற்று ஐம்பத்தாறு பிட் ரகசியம்

ரகசியம் காப்பதில் அந்தப் பரிசோதனைக் கூடத்தை மிஞ்ச உலகில் இன்னொரு கூடம் இல்லை. தன் கழுத்துக் கட்டியிலிருந்து எடுத்த சதையின் பரிசோதனை முடிவைக் கேட்டுத் தையல்காரம்மா வந்தபோது, அங்கிருந்த ஒரே மடிக்கணினி திருடுபோயிருந்தது.

"கவலையே படாதீங்கம்மா" என்றார் மேலாளர், பரிசு வாங்கியவரைப் போல. "டிஸ்க் முழுக்கப் பூட்டியிருக்கு. இருநூத்தி அம்பத்தாறு பிட் சாவி! ஊர்ல இருக்கிற கம்ப்யூட்டரெல்லாம் சேர்ந்து சூரியன் அணையற வரைக்கும் முட்டினாலும் திறக்காது."

"அப்போ என் ரிசல்ட்?"

"பத்திரமா இருக்கு."

"எங்க?"

"திருடன்கிட்ட. நகல் எடுத்தா ரகசியம் கசிஞ்சிடும்னு எடுக்கலை."

மூலையிலிருந்த கணினிக்காரர் முனகினார். "சார், அந்தச் சாவியை ஒரு பாஸ்வேர்டுதான் பூட்டி வெச்சிருக்கு. திருடன் எதுக்கு சாவியோட மல்லுக்கட்டறான்? பாஸ்வேர்டை ஊகிச்சாப் போதும். மாத்துங்கன்னு அப்பவே தலையால அடிச்சுக்கிட்டேன்."

"நீ கத்துனதுக்காகத்தானே நூத்தி இருபத்தெட்டு பிட் சாவியை இருநூத்தி அம்பத்தாறு ஆக்கினோம்!"

"கதவை இரும்பாக்கிட்டு, தாழ்ப்பாளை நூலால கட்டின மாதிரி சார்."

"கதவைப் பாருய்யா, கதவை!"

தையல்காரம்மா கதவைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினார்.

சாயங்காலம் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. குரல் தயங்கியது.

"அக்கா, அந்த லேப்டாப்பை எடுத்தது நான்தான்."

"அடப்பாவி! எப்படித் திறந்தே? சூரியன் அணையணும்னாங்களே?"

"மூடியில 'தொலைந்தால் அழைக்கவும்'னு அவங்க நம்பரை ஒட்டியிருந்தாங்க. சும்மா அதையே பாஸ்வேர்டா போட்டேன், திறந்துடுச்சு. விஷயம் அது இல்லைக்கா. உள்ள உங்க நம்பரோட உங்க ரிசல்ட் இருந்துச்சு, போன மாசமே வந்திருக்கு. கேன்சர்தான். ஆனா ஆரம்பம்தானாம், உடனே ஆபரேஷன் பண்ணா குணமாயிடும்னு எழுதியிருக்கு. படம் அனுப்பறேன். அந்த மெஷினை விட்டு எந்திரிங்க முதல்ல!"

மெஷின் நின்றது.

மறுநாள் காலை, படத்தோடு அவர் மேலாளர் முன் நின்றார். "போன மாசமே வந்ததை ஏன் சொல்லலை?"

"பாஸ்வேர்டை மாத்தலாமான்னு கமிட்டி கூடி முடிவெடுக்கிற வரைக்கும் எந்த ரிசல்ட்டையும் வெளிய விடறதில்லைம்மா. பாதுகாப்பு!" என்ற மேலாளர், படத்தைப் பார்த்ததும் முகம் சிவந்து காவல் நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்தார்.

திருடன் மேல் ஏற்கெனவே ஒரு புகார் இருந்தது, மடிக்கணினியை எடுத்ததாக. அதைவிடக் கொடிய இரண்டாவது புகார் அன்று பதிவானது: நோயாளியின் முடிவை நோயாளியிடமே சொல்லிவிட்டான்.